ராத்திரி மூன்று மணிக்கு ஃபேனை ஐந்தில் வைப்பவர்கள் யாராவது உண்டா?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம் தோழிகளே. (தோழர்களும் படிக்கலாம், ஓட வேண்டாம்.)

எனக்கு 47 வயது, ஈரோட்டுப் பக்கம். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஃபேன் சண்டை. வெளியே மார்கழிப் பனி கொட்டுகிறது, எனக்கு மட்டும் நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை வரை ஏறுகிறது. செங்கல் சூளைக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி. நைட்டி நனைந்துவிடும். எழுந்து போய் ஃபேனை ஐந்தில் வைப்பேன். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கி வெடவெடவென்று குளிரும். நான் போர்வையைத் தேடுவதற்குள் அவர் எழுந்து ஒன்றில் வைத்திருப்பார். "உனக்கு என்னதான் ஆச்சு?" என்பார். எனக்கே தெரியாதபோது அவரிடம் என்ன சொல்வது?

மாதவிலக்கு இரண்டு மாதம் வருவதில்லை. மூன்றாவது மாதம் வந்தால் பத்து நாள் போகிறது. படபடப்பு என்று சொன்னதற்கு இ.சி.ஜி. எடுத்தார்கள். தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்று ஒரு தூக்க மாத்திரை. இத்தனை பரிசோதனையில் ஒருவர்கூட "மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை, அதுதான் எனக்கு இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

இது அதுதானா, மாதவிலக்கு நிற்கப்போகிற அந்தக் காலமா? அதுதான் என்றால், வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்? என்ன வார்த்தை சொல்லிச் சொன்னீர்கள்?

---

ரயிலடி ராஜி எழுதியது:

வாங்க வாங்க, சங்கத்துக்கு வரவேற்கிறோம். சந்தா கிடையாது, துண்டு மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

எனக்கு 51-ல் நின்றது. அதற்கு முன்னால் நான்கு வருடம் நீங்கள் சொன்ன அதே கூத்து. எங்கள் ஆபீஸில் ஏசி ரிமோட் யார் கையில் என்பதில் எனக்கும் எதிர் சீட்டு அம்மாவுக்கும் ஒரு பனிப்போர். நான் குறைப்பேன், அவள் கூட்டுவாள், அரைமணி நேரத்தில் அவளே குறைப்பாள், நான் கூட்டுவேன். ஓய்வு பெற்றபின் ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பேசியபோதுதான் தெரிந்தது, அவளுக்கும் அதே வருடங்கள்தான். மேசைக்கு மேசை நான்கடி தூரம். பிள்ளைகளின் மார்க், மாமியார் சண்டை, சீட்டுப் பணம் எல்லாம் பேசியிருக்கிறோம். இதைப் பேசவில்லை.

---

வெத்தலைக்கொடி எழுதியது:

எனக்கு 63 வயது ஆகிறது, அதனால் உரிமையோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அம்மா, பாட்டியெல்லாம் இதற்கு ஒரு மாத்திரை தின்றதில்லை, ஒருவரிடம் புலம்பியதும் இல்லை. வந்தது, நின்றது, அவ்வளவுதான். இயற்கையாக நடப்பதற்கு ஒரு பெயர் வைத்து, வியாதி மாதிரி ஆக்கி, அப்புறம் அதற்கு மருந்து விற்பார்கள். எனக்கும் சீக்கிரமே நின்றுவிட்டது, தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். எல்லாவற்றையும் கடைத்தெருவில் வைத்துப் பேச வேண்டுமா?

---

பவானிக்கரை எழுதியது:

@வெத்தலைக்கொடி அம்மா, கோபமெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் பாட்டி புலம்பவில்லையா, புலம்பியதை யாரும் கேட்கவில்லையா? எங்கள் அப்பத்தாவைப் பற்றி "அவளுக்கு நாப்பத்தஞ்சுக்கு மேலே கிறுக்குப் புடிச்சுப்போச்சு, தொட்டதுக்கெல்லாம் சண்டை, ராத்திரியெல்லாம் வாசல்ல உக்காந்திருப்பா" என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். வாசலில் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. காற்றுக்கு.

---

வைகை டாக்டர் எழுதியது:

மகளிர் மருத்துவராக இருபது வருடம் ஆகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது பொதுவான தகவல்தான், உங்களை நேரில் பார்ப்பவர் சொல்வதுதான் உங்களுக்கான முடிவு.

பவானிக்கரை, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய கட்டம். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் "நின்றுவிட்டது" என்று கணக்கு. மேற்கு நாடுகளில் சராசரியாக 51 வயது, நம் நாட்டில் 46, 47 என்ற அளவில். அதற்கு முன்னால் சில வருடங்களுக்கு ஹார்மோன் ஏறி இறங்கும். தொல்லைகளில் பெரும்பாலானவை அப்போதே தொடங்கிவிடும். நம் பெண்கள் "இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது, அதுவாக இருக்காது" என்று நினைப்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, இந்தக் கட்டத்திலும் கரு உண்டாகலாம். 48 வயதில் "நின்றுவிட்டது" என்று நினைத்து வந்து, ஸ்கேனில் நான்கு மாதம் என்று பார்த்து மயங்கியவர்கள் உண்டு.

அந்தச் சூடு என்ன? மூளைக்குள் ஹைப்போதாலமஸ் என்ற இடத்தில் உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு காவல்காரன் இருக்கிறான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அவனுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. உடம்புச் சூடு இம்மியளவு ஏறினாலே தீப்பிடித்துவிட்டது என்று மணி அடிக்கிறான். உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சூடு தேவைக்கு மேல் வெளியேறியதும் குளிர்கிறது. நீங்கள் போர்வை தேடுவது அதனால்தான். மனப்பிரமை இல்லை, டென்ஷனும் இல்லை. அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், அடிக்கடி இப்படி வருகிறவர்களுக்கு இது ஏழு வருடத்துக்கு மேல் நீடிப்பது சாதாரணம் என்று தெரிந்தது. ஆறு மாதத்தில் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இதற்கு மருந்து, குறையும் ஹார்மோனை ஈடுசெய்யும் மாத்திரை. "ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர்" என்ற பயம் 2002-ல் வந்தது. அங்கே நடந்த ஒரு பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்ட்ரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) சேர்ந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள். வருடத்துக்கு 10,000 பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்று. உலகமே அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு வயது பிரித்துப் பார்த்தபோது, 60-க்குக் கீழே, நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்குப் பொதுவாகக் கெடுதலைவிட நன்மை அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்று வந்தவர்கள், இரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்ட்ரோனும் வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்றால் வேறு மருந்துகளும் உண்டு.

பத்து நாள் போகிறது என்றீர்களே, ஹீமோகுளோபின் பார்த்தார்களா? முதலில் அதைப் பாருங்கள், ஒரு ஸ்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒன்று: 12 மாதம் நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டால்கூட டாக்டரிடம் வர வேண்டும். "சூடு பிடித்துக்கொண்டது" என்று வெந்தயம் தின்றுகொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்று இருக்கும், சீக்கிரம் பார்த்தால் குணமாகும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். அம்மா இருப்பவர்கள் இன்றைக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வயதில் நின்றது? தானாக நின்றதா, ஆபரேஷனா? அதற்குப் பிறகு எலும்பு ஏதாவது முறிந்ததா? அம்மாவுக்கு நின்ற வயதுக்கும் மகளுக்கு நிற்கும் வயதுக்கும் நெருக்கம் அதிகம். நான் வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை எந்த வயதில் வந்தது என்று மடமடவெனச் சொல்கிறார்கள், இதற்கு மட்டும் பத்தில் எட்டுப் பேர் முழிக்கிறார்கள்.

---

கிராமத்துச் செவிலி எழுதியது:

டாக்டர் சொன்ன மூன்றில் இரண்டாவது கேள்வியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். தர்மபுரிப் பக்கம் கிராமங்களில் வேலை. வீட்டுக்கே போய் பிரஷர், சுகர் பார்க்கும்போது திண்ணையில் உட்கார வைத்துப் பேசுவார்கள். பிரஷர் கருவியைக் கழற்றியதும் குரலைத் தாழ்த்தி, "எனக்கு நின்னுபோச்சு சிஸ்டர்" என்பார்கள். சிலர் எழவு சொல்வது போலச் சொல்வார்கள். சிலர் சந்தோஷமாக, "இனிமே சாமி காரியத்துக்கு நாள் எண்ண வேண்டியதில்ல, சபரிமலைக்கு மாலை போடலாம்" என்பார்கள். ஐம்பது தாண்டியதை மலைக்குப் போகக் கணக்கு வைத்திருக்கும் ஊர், அந்த உடம்பு எப்படி ஐம்பதைத் தாண்டியது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனால் எனக்கு வயிறு எரிவது முப்பத்தைந்து வயதுப் பெண்களைப் பார்க்கும்போதுதான். வெள்ளை படுகிறது, இரத்தம் அதிகம் போகிறது என்று போனால், "பிள்ளை பெத்தாச்சே, எடுத்துப் போட்டுடு" என்று கூட வேலை செய்பவளே யோசனை சொல்கிறாள். கர்ப்பப்பையோடு, ஹார்மோன் சுரக்கும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் பத்து வருடத்தில் படிப்படியாக நடக்க வேண்டியது ஒரே ராத்திரியில் நடக்கிறது. அந்தச் சூடு, தூக்கமின்மை, மூட்டுவலி எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். அது ஆபரேஷனால் வந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019-ல் அரசு விசாரணையில் வெளியே வந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலியில் பிடித்தம். மாதவிலக்கே இல்லாவிட்டால் பிடித்தமும் இல்லை. நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

---

சுபா குரொய்டன் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபத்தாறு வருசமா லண்டன். இங்கே இதைப் பற்றி நல்லாகவே கதைக்கிறார்கள். வேலையிடத்தில் இதற்கென்று கொள்கை இருக்கிறது, மேசைக்கு ஒரு சின்ன ஃபேன் கேட்டால் தருவார்கள். 2023 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஹார்மோன் மருந்துக்குத் தனிச் சலுகை அட்டை வந்தது, அப்போது 19 பவுண் 30 பென்ஸ் கட்டினால் வருசம் முழுக்க அந்த மருந்து எடுக்கலாம் என்றிருந்தது. டொக்டரிடம் போய் நான் ஆங்கிலத்தில் கடகடவென்று எல்லாம் சொல்லுவன்.

வீட்டுக்கு வந்தால் வாய் ஒட்டிப்போகும். எனக்குச் சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு) செய்தபோது வீடியோ எடுத்து, கனடாவில் இருந்த மாமாக்கள் வரைக்கும் கசெற் அனுப்பினவை. தொடங்கினதை ஊருக்கே காட்டினவை. முடிகிறதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை. "அம்மா, எனக்கு அது..." என்று இழுத்தேன். "எது?" என்றா. போனை வைத்துவிட்டேன்.

---

உலாப்பித்தன் எழுதியது:

தமிழில் சொல் இல்லை என்றதும் உள்ளே வந்துவிட்டேன், தமிழாசிரியர் புத்தி. உலா இலக்கியம் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரிக்கிறது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேதை ஐந்து வயதில் தொடங்குகிறது. பேரிளம்பெண் 32-லிருந்து 40 வரை. அதோடு பட்டியல் முடிந்தது. வீதியில் உலா வரும் அரசனைப் பார்த்து மயங்குகிற வரைக்கும்தான் புலவர்களுக்குப் பெண் தேவைப்பட்டாள் போலிருக்கிறது. 41 ஆனவள் வீட்டுக்குள் போய்விட்டாள், பெயரில்லாமல்.

ஆங்கிலத்தில் புழங்கும் "மெனோபாஸ்" என்ற சொல்லும் பழையதில்லை, 1821-ல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் கட்டியது. ஜப்பானியர்கள் "கோனென்கி" என்கிறார்கள், அது நிற்பதை மட்டும் குறிக்காமல் அந்த வருடங்கள் முழுவதையும் குறிக்கும். மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் அங்கே ஆய்வு செய்தபோது, ஜப்பானியப் பெண்கள் உடம்புச் சூட்டைவிடத் தோள் இறுக்கத்தையும் தலைவலியையும்தான் அதிகம் சொன்னார்களாம். ஆகவே வெத்தலைக்கொடி அம்மா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை.

---

ரயிலடி ராஜி எழுதியது:

வாத்தியாரே, சொல் பிறகு கட்டிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் "மெனோபாஸ்" என்றால் காய்காரம்மாவுக்கும் புரிகிறது. பஸ், பேங்க் மாதிரி அதுவும் தமிழாகிவிட்டது.

---

கொள்ளிடத்தான் எழுதியது:

ஓட வேண்டாம் என்று போட்டிருந்ததால் நின்றேன். வயது 52. மனைவிக்கு 49.

ஒன்றரை வருடமாக அவள் என் பக்கத்தில் படுப்பதில்லை. மகள் அறையில் படுக்கிறாள். கிட்டே போனால் விலகுகிறாள், ஒருமுறை அழுதுவிட்டாள். என்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதைவிட மோசமாகவும் நினைத்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?

---

வைகை டாக்டர் எழுதியது:

இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்ந்துபோகும், சேரும்போது வலிக்கும். சூடு வருவதாவது வருடங்கள் போனால் குறையும், இந்த உலர்ச்சி தானாகக் குறையாது, கூடத்தான் செய்யும். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதும் இதனால்தான், அதற்குத் திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் தின்கிறவர்கள் ஏராளம். அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, உடம்பில் கலப்பது மிகக் குறைவு. வலி என்று சொல்லக் கூச்சப்பட்டு மனைவிகள் விலகுகிறார்கள், விலகுவதை வெறுப்பு என்று கணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு ஜோடியாவது இப்படிப் பார்க்கிறேன்.

---

ரயிலடி ராஜி எழுதியது:

@கொள்ளிடத்தான் தம்பி, போய்க் கேளுங்கள். ஆனால் சண்டை நடுவில் "உனக்கு அந்த டைமா, அதான் இப்படிக் கத்துறியா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் அப்படிக் கேட்டார். அன்றைக்குச் சமையல் கிடையாது. சாயந்திரம் காபி கொடுத்து, "தூக்கம் வருதா உனக்கு?" என்று தொடங்குங்கள். மீதியை அவள் சொல்வாள்.

---

வெத்தலைக்கொடி எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன்.

டாக்டர் கொடுத்த வீட்டுப்பாடம் மகள்களுக்கு, நான் அம்மா. எனக்கு யார் போன் செய்வார்கள் என்று இருந்தேன். யாரும் செய்யவில்லை, நானே பெரியவளுக்குப் போட்டேன். அவளுக்கு 38. "அம்மா, எனக்கு நாலு மாசமா வரல, வேலை டென்ஷன்னு விட்டுட்டேன்" என்கிறாள்.

எனக்கு நின்றது 39 வயதில். முதல் நாள் "சீக்கிரமே நின்றுவிட்டது" என்று எழுதினேனே, அது இதுதான். நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டவள் நான். போன வருடம் பாத்ரூமில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. மகளுக்கு என்ன செய்ய வேண்டும், டாக்டர்?

---

வைகை டாக்டர் எழுதியது:

அம்மா, நீங்கள் போன் செய்தது பெரிய விஷயம்.

முதலில் கர்ப்பமில்லை என்று உறுதிசெய்யட்டும். பிறகு இரத்தத்தில் எஃப்.எஸ்.எச். (சினைப்பை ஓயும்போது கூடும் ஹார்மோன்), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்) பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.எச். அதிகமாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 40-க்கு முன்னால் நிற்பது நூறில் ஒருவருக்கு நடக்கிறது, அதைத் தொல்லை விட்டது என்று விடக் கூடாது. எலும்புக்கும் இதயத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவைப்படும் வயது அது. அவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரைக்குமாவது ஹார்மோன் கொடுப்போம். 2002 பயம் அவர்களுக்குப் பொருந்தாது.

உங்களுக்கு டெக்ஸா ஸ்கேன், எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பது. நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரையும், உங்களுக்கு அது 24 வருடக் கணக்கு. ராகிக் கூழ் நல்லதுதான், 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் முறிந்தபிறகு கூழ் மட்டும் போதாது.

---

வெத்தலைக்கொடி எழுதியது:

சின்னவளுக்கும் போன் செய்துவிட்டேன். கடைத்தெரு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் மாத்திரை விற்பவர்களைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான். நேற்றே என் போனில் "பெண்களுக்கான அற்புத மூலிகைப் பொடி" விளம்பரம் வந்துவிட்டது.

---

சுபா குரொய்டன் எழுதியது:

நானும் திரும்ப எடுத்தேன். இந்த முறை இழுக்காமல், "அம்மா, உங்களுக்கு எந்த வயதில் நிண்டது?" என்று நேரே கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "இடம்பெயர்ந்து போன வருசம்" என்றா. "சாப்பாடு இல்லாததால நிண்டுட்டுது எண்டு நினைச்சன், திரும்ப வரேல்லை." வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 44. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவ தானாகச் சொன்னா, ஒரு மணித்தியாலம்.

---

பவானிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஹீமோகுளோபின் 8.4. மயங்கி விழாமல் இருந்ததே பெரிது என்றார்கள். இரும்புச் சத்து ஏற்றுகிறார்கள், ஸ்கேனில் ஒரு சின்ன நார்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. ஹார்மோன் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்று இங்கே பார்க்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, இது மெனோபாஸ், ஏழு வருசம்கூட ஆகுமாமா" என்றேன். "ஏழு வருசமா?" என்று கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். மறுநாள் சாயந்திரம் ஒரு டேபிள் ஃபேனோடு வந்தார். அது என் தலைமாட்டில், மேலே இருப்பது அவர் கணக்கு. சண்டை தீர்ந்தது.

அப்புறம் அம்மா. அம்மாவுக்கு இப்போது 70. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

"நாப்பத்தாறுல ஆரம்பிச்சுது கண்ணு. உன் கல்யாணத்தப்ப."

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் விடாமல் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். தாரை வார்க்கும்போது, தாலி கட்டும்போது, வாசலில் வண்டி ஏறும்போது. அம்மா எனக்காக எவ்வளவு அழுதிருக்கிறாள் என்று இருபத்து நான்கு வருடமாக அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அழுகையா? அந்தப் பட்டுச் சேலைக்குள்ள வேர்த்துக் கொட்டுச்சு கண்ணு. எப்படா வண்டி கெளம்பும், போய்த் தண்ணி ஊத்திக்கலாம்னு நின்னேன்."